ஹெல்மெட் இருந்தும் ஆபத்து... அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைத் துரத்தும் கேள்வி!

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் ஊர் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருவர் ஓட, எதிரணியினர் பாய்ந்து மோதி வீழ்த்தும் ஆட்டம். கல்லூரி அணிகளுக்கே அங்கு கூட்டம் அலைமோதும். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். ஆனால், ஆடும் மாணவர்களின் மூளைக்கு என்ன ஆகிறது?

ஹெல்மெட் போதாதா?

ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். ஓடிவந்த வேகத்தில் மோதி நிற்கும்போது, உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது. மயங்கி விழவைக்கும் பெரிய அடிகள் மட்டுமல்ல, வலியே தெரியாத சின்னச் சின்ன மோதல்களும் பல ஆண்டுகள் சேர்ந்தால், 'சி.டி.இ' எனும் மூளைச் சிதைவு நோய்க்குக் காரணமாகலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மறதி, கோபம், மனச்சோர்வு போன்றவை இதன் அறிகுறிகளாகச் சொல்லப்படுகின்றன. இறந்தபின் மூளையைப் பரிசோதித்தால்தான் நோயை உறுதிசெய்ய முடியும்.

2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு பலரை அதிரவைத்தது. கல்லூரி வரை மட்டுமே ஆடி, பிறகு இறந்த 53 பேரில் 48 பேரின் மூளையில் சி.டி.இ இருந்தது. பாதிப்பு இருக்குமோ எனச் சந்தேகித்த குடும்பங்களே அதிகமாக மூளை தானம் செய்திருக்கலாம். அதனால், ஆடும் எல்லோருக்கும் இதே நிலை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், தொழில்முறை ஆட்டத்தில் கோடிகளைப் பார்க்காத இந்த இளைஞர்களும் தப்பவில்லை என்பதுதான் பெற்றோரின் கவலை.

வழி இருக்கிறது!

2010-ல் டார்ட்மவுத் கல்லூரியின் பயிற்சியாளர் படி டீவன்ஸ், பயிற்சியில் வீரர்கள் ஒருவரையொருவர் மோதி வீழ்த்தத் தடை போட்டார். பிறகு, ரிமோட்டில் ஓடும் பொம்மைகள் மீது பாய்ந்து பழகினார்கள். அணி பலவீனமாகிவிடவில்லை. 2015-ல் ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது.

2016-ல் ஐவி லீக் இன்னொரு விதியையும் மாற்றியது. ஆட்டத்தைத் தொடங்கும் 'கிக்ஆஃப்' உதையின்போது இரு அணியினரும் முழு வேகத்தில் எதிரெதிரே ஓடிவருவார்கள். உதைக்கும் இடத்தை வெறும் 5 யார்டு முன்னே நகர்த்தினார்கள். பந்து முன்பைவிட அதிக முறை எல்லைக்கோட்டைத் தாண்டிவிட, மோதலும் குறைந்தது. 1,000 கிக்ஆஃப்களுக்குச் சுமார் 11 ஆக இருந்த தலை அதிர்ச்சிக் காயங்கள் 2 ஆகக் குறைந்தன.

1905-லும் மாணவர்களின் உயிரிழப்புகளால் இந்த ஆட்டத்தையே தடைசெய்யக் குரல்கள் எழுந்தன. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டார். அடுத்த ஆண்டே விதிகள் மாறின, ஆட்டம் பிழைத்தது. அன்று மைதானத்திலேயே உயிர் போனது, கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய காயமோ, வெளியே தெரியவே பல ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்காமல் விதிகளை மாற்றுவார்களா என்பதில்தான் கல்லூரி ஃபுட்பாலின் எதிர்காலம் இருக்கிறது!