கேப்டன் அலெக்ஸை யார் கொன்றால் என்ன?

படத்தின் பெயரே ஒரு கேள்வி: ‘கேப்டன் அலெக்ஸைக் கொன்றது யார்?’ உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில், வகாலிகா என்ற ஏழைக் குடியிருப்பில் எடுக்கப்பட்டு 2010-இல் வெளிவந்த ஆக்‌ஷன் படம் இது. ஓடும் நேரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். படம் முடிந்து எழுந்திருக்கும்போதும் அலெக்ஸைக் கொன்றது யார் என்று நமக்குத் தெரியாது. இயக்குநர் மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பதும் புரியாது. கொலைகாரனைக் காட்டாமல் முடிகிற ஒரு திரில்லருக்குக் கூச்சலும் வசவும்தானே கிடைக்க வேண்டும்? இதற்குக் கிடைத்தது கைதட்டல். அது ஏன் என்பதுதான் இந்தப் படத்தின் உண்மையான மர்மம்.

கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கம்பாலாவை ஆட்டிப்படைக்கும் ‘டைகர் மாஃபியா’ கும்பலை ஒழிக்க ராணுவம் கேப்டன் அலெக்ஸை அனுப்புகிறது. கும்பல் தலைவன் ரிச்சர்டின் சகோதரன் பிடிபடுகிறான். பிறகு ஓர் இரவில் அலெக்ஸ் கொல்லப்படுகிறார். பழிதீர்க்க வருகிறார் அலெக்ஸின் சகோதரர், ‘உகாண்டாவின் புரூஸ் லீ’ என்று பில்டப் கொடுக்கப்படும் குங்ஃபூ வீரர். மிச்சமெல்லாம் அடி, உதை, துப்பாக்கிச் சத்தம். போதாததற்கு ஒரு ஹெலிகாப்டர் கம்பாலாவின் கட்டடங்கள்மேல் குண்டு போடுகிறது.

செலவு 200 டாலருக்கும் கீழே என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அன்றைய மதிப்பில் சுமார் 9,000 ரூபாய். எழுதி, இயக்கி, படத்தொகுப்பும் செய்த ஐசக் நப்வானா செங்கல் அறுத்துப் பிழைத்தவர். சினிமாப் பள்ளியின் வாசலை மிதித்ததில்லை. சிறுவயதில் அண்ணன்மார் படம் பார்த்துவிட்டு வந்து சொல்லும் கதைகளைக் கேட்டுக்கேட்டே சினிமாவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தவர். பழைய பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிய கணினியில்தான் அந்த ஹெலிகாப்டர் பறந்தது. துப்பாக்கிகள் மரத்திலும் பழைய இரும்பிலும் செய்தவை. அந்த வேலையைச் செய்தவர் அதே பகுதியைச் சேர்ந்த டவுடா பிசாசோ. ரத்தத்துக்கு ஆரம்பத்தில் மாட்டு ரத்தத்தையே பயன்படுத்தினார்கள். ஒரு நடிகர் நோயில் விழுந்த பிறகு, ஆணுறைக்குள் சாயத் தண்ணீரை நிரப்பி வெடிக்க வைக்கும் முறைக்கு மாறினார்கள். நடிகர்களுக்குச் சம்பளம் கிடையாது. படம் முடிந்ததும் அவர்களே தெருத்தெருவாகப் போய் டிவிடி விற்பார்கள், விற்ற காசில் பங்கு உண்டு. அதுவும் திருட்டுப் பிரதி சந்தைக்கு வருவதற்குள் விற்றாக வேண்டும். சில நாள் பந்தயம்.

ஆக, முதல் ரசிகர்கள் வாசலில் நின்று டிவிடி வாங்கிய அக்கம்பக்கத்தார். அவர்களுக்கு இது ‘மலிவுப் படம்’ அல்ல. ஹாலிவுட் ஹீரோ யாரோ ஒரு நகரத்தைக் காப்பாற்றுவதைப் பார்த்துப் பழகியவர்கள் முதல்முறையாகத் தங்கள் தெரு, தங்கள் சாக்கடை, நேற்றுவரை செங்கல் சுமந்த பக்கத்து வீட்டுப் பையன் எல்லாம் ஆக்‌ஷன் படத்துக்குள் இருப்பதைப் பார்த்தார்கள். குண்டு விழுந்து எரிவது நியூயார்க் அல்ல, கம்பாலா. எரிகிற நெருப்பு ஒட்டவைத்த மாதிரி தெரிகிறதே என்று பார்க்கிற மனநிலை அங்கே வரவே வராது.

இரண்டாவது ரசிகர் கூட்டம் யாரும் கூப்பிடாமல் வந்தது. 2010 ஜனவரியில் யூடியூபில் ஏறிய ட்ரெய்லரைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை உலகம் பார்த்தது. ‘200 டாலர் படம்’ என்ற அடையாளம் படத்துக்கு முன்னால் ஓடியது. செலவுக் கணக்கைத் தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு, தெரியாமல் பார்ப்பது வேறு. ராபர்ட் ரோட்ரிக்ஸின் ‘எல் மரியாச்சி’க்கும் இது நடந்திருக்கிறது. சுமார் 7,000 டாலரில் மெக்சிகோவின் எல்லை ஊரொன்றில் எடுத்த அந்த ஆக்‌ஷன் படம் 1993-இல் சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது. திரையரங்குக்கு வருமுன் கொலம்பியா நிறுவனம் அதன் ஒலிக்கும் பிரதிக்கும் அதைவிடப் பல மடங்கு செலவழித்தது என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 7,000 என்ற எண்தான் நின்றது. ஒரு விதத்தில் அந்த எண்ணும் படத்தில் நடித்தது.

வெறும் மலிவுக்கே கைதட்டுவார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. கேலிக்காகவே கூட்டம் கூடுகிற ‘தி ரூம்’ படத்துக்கு ஆன செலவு 60 லட்சம் டாலர் என்பார்கள். அங்கே சிரிப்பு இயக்குநரை நோக்கிப் பாய்கிறது. அவர் அழவைக்கப் பார்த்த இடத்தில் அரங்கம் சிரிக்கிறது. வகாலிகா படத்தைப் பார்க்கிற வெளிநாட்டுக்காரரும் இப்படிச் சிரிக்கத்தான் உட்கார்கிறார். ஆனால் அவருக்கு முன்பே ஒருவர் சிரித்துவிடுகிறார். அவர் படத்துக்குள்ளேயே இருக்கிறார்.

அவர்தான் வீ.ஜே. எம்மி. வீ.ஜே. என்றால் இங்கே ‘வீடியோ ஜோக்கர்’. உகாண்டாவின் வீடியோ கொட்டகைகளில் ஆங்கிலப் படமும் குங்ஃபூ படமும் ஓடும்போது, ஒருவர் மைக்கைப் பிடித்து லுகாண்டா மொழியில் வசனம் சொல்வார், விளக்குவார், நையாண்டி செய்வார். தெருக்கூத்தின் கட்டியங்காரனை நினைத்துக்கொண்டால் நமக்குப் பாதி விளங்கிவிடும். ராஜா வீராவேசமாக நிற்க, பக்கத்திலிருந்தே அவன் கிண்டலடிப்பான், ஊர்ச் சங்கதியை இழுப்பான், கதையையும் நகர்த்துவான். இந்த வழக்கத்தின் வேரைக் காலனி ஆட்சியில் தேடுபவர்களும் உண்டு. 1939-இல் பிரிட்டன் தொடங்கிய காலனியல் ஃபிலிம் யூனிட், ஆப்பிரிக்கக் கிராமங்களில் பிரச்சாரப் படங்களை வேனில் கொண்டுபோய்க் காட்டியது. கூடவே உள்ளூர் மொழியில் விளக்கம் சொல்ல ஓர் ஆளையும் நிறுத்தியது. அரசாங்கம் சொல்லிக் கொடுத்ததை மட்டும் அந்த ஆள் சொல்லியிருப்பார் என்று நம்ப எனக்கு மனமில்லை.

உலகம் பார்த்த ‘கேப்டன் அலெக்ஸ்’ பிரதியில் பாத்திரங்கள் லுகாண்டாவில் பேச, எம்மி ஆங்கிலத்தில் கத்துகிறார். சண்டை வரும் முன்பே ‘வரப்போகிறது’ என்று ஏற்றிவிடுகிறார். வந்தபின் ‘கமாண்டோ!’ என்று கூவுகிறார். எதுவும் நடக்காத இடத்தில் படத்தையே கலாய்க்கிறார். பார்ப்பவர் வாயைத் திறப்பதற்குள் குறை சொல்லியாகிவிட்டது, பாராட்டியும் ஆகிவிட்டது. மேட்டிமையோடு சிரிக்க வந்தவருக்குச் சிரிப்பதற்கு எதையும் மிச்சம் வைக்காமல், அவரையும் கொட்டகைப் பெஞ்சில் தன்னோடு உட்காரவைத்துவிடுகிறார் எம்மி. கொலைகாரன் யார் என்ற கேள்வி எப்போது நழுவிப்போனது என்பதே தெரிவதில்லை.

நப்வானா இதை அறியாமல் செய்தவரல்ல. அவர் பிறந்தது இடி அமீன் காலத்தில். நிஜ வன்முறை எப்படியிருக்கும் என்று அந்த ஊருக்குத் தெரியும். தன் படத்தில் வருவது அதுவல்ல, நகைச்சுவை என்று அவரே விளக்கியிருக்கிறார். நூறு பேர் சுடப்பட்டு விழுந்தாலும் குழந்தைகள் கண்ணை மூடாமல் பார்ப்பது அதனால்தான். படத்துக்கு எதிராகச் சொல்லவேண்டியதும் உண்டு. ஒரு மணி நேரம் எம்மியின் குரல் காதைத் துளைத்தபடியே இருக்கிறது. சில நடிகர்களின் முகத்தில் உண்மையிலேயே நல்ல நடிப்பு தெரிகிறது, அதைக் கவனிக்கவிடாமல் குரல் வந்து மிதிக்கிறது. குரலில்லாத பிரதியைப் பார்க்கலாம் என்றால் அது இல்லை. அடுத்த படத்துக்குக் கணினியில் இடம் வேண்டுமே என்று மூலக் கோப்புகளை அழித்துவிட்டார்கள். வீ.ஜே. பேசிய டிவிடிப் பிரதிதான் மிச்சம்.

ட்ரெய்லர் பார்த்தவர்களில் ஒருவர் ஆலன் ஹோஃப்மானிஸ், நியூயார்க்கில் திரைப்பட விழா வேலைகள் செய்துகொண்டிருந்தவர். 2011 டிசம்பரில் விமானம் ஏறி வகாலிகாவுக்கு வந்தார். பிறகு அங்கேயே குடியேறி, நப்வானாவின் ‘பேட் பிளாக்’ படத்தில் அடிவாங்கும் வெள்ளைக்கார டாக்டராக நடித்தார். அந்தப் படம் 2016-இல் அமெரிக்காவின் ஃபென்டாஸ்டிக் ஃபெஸ்ட் விழாவில் பார்வையாளர் விருது பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, அடுத்த படத்துக்காக இணையத்தில் 160 டாலர் கேட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் இன்னொரு சைபர் விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்திருப்பார்கள். வந்து சேர்ந்தது 13,000 டாலருக்கும் மேல்.

இன்றைக்கும் வகாலிகாவுக்கு வெளிநாட்டு ரசிகர்கள் தேடிவருகிறார்கள். அவர்கள் கையிலும் ஒரு மரத்துப்பாக்கி கொடுக்கப்படும், சட்டைக்குள் சாயப்பை கட்டப்படும். கேமரா ஓட, செம்மண்ணில் சுருண்டு விழுந்து ஆனந்தமாகச் சாகிறார்கள்.