உஷார்! அமெரிக்காவில் சின்ன பார்சலுக்கும் சுங்கவரி

அமெரிக்காவில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கடைகளில் ஆன்லைனில் பொருள் வாங்குகிறீர்களா? அடுத்த ஆர்டரைப் போடும் முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். 800 டாலருக்குள் வாங்கினால் சுங்கவரி இல்லை என்ற பழைய கணக்கு இனி செல்லாது. 2016-இல் 200 டாலரிலிருந்து 800-ஆக உயர்த்தப்பட்ட அந்தச் சலுகை, சீனா, ஹாங்காங் பொருட்களுக்கு 2025 மே 2 அன்றே போய்விட்டது. ஆகஸ்ட் 29 அன்று மற்ற எல்லா நாடுகளுக்கும் போய்விட்டது. இன்று பத்து டாலர் பொருளுக்கும் வரி கேட்டு பில் வரலாம்.

கோர்ட்டு, தீர்ப்பு என்று ஏதாவது வந்து பழைய நிலை திரும்பும் என்று காத்திருக்காதீர்கள். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே 2027 ஜூலை 1 முதல் இந்தச் சலுகையை நீக்குகிறது. வரி விகிதம் ஏறும், இறங்கும்; ஆர்டர் போடும் அன்று என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெரும்பாலோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடை எந்த நாட்டில் இருக்கிறது என்பதை வைத்து வரி போடுவதில்லை. பொருள் எங்கே தயாரானது என்பதுதான் கணக்கு. லண்டன் கடையில் வாங்கிய ஜாக்கெட் சீனாவில் தைக்கப்பட்டிருந்தால் சீனாவுக்கான வரிதான் விழும். இந்த விவரத்தைப் பல தளங்கள் கண்ணில் படும்படி போடுவதே இல்லை. வாங்கும் முன் கடைக்கு ஒரு மெயில் தட்டிக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து கூரியர் பில். பார்சல் கைக்கு வந்து, பெட்டியைக் குப்பையில் போட்டு, எல்லாம் மறந்த பிறகுகூட அது வரலாம். முதல் வரியில் சுங்கவரி இருக்கும். அதற்குக் கீழே, உங்களுக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு கட்டணம். சுங்கத்தில் காகித வேலை பார்த்ததற்குத் தனியாக இன்னொன்று. விலை குறைந்த பொருளென்றால் இந்தக் கட்டணங்கள் வரியையே தாண்டிவிடும். பார்சல் கைக்கு வரும் முன்பே பில் வந்து, கட்ட மாட்டேன் என்றால் பார்சல் திரும்பிப் போகும், அல்லது குடோனில் கிடந்து அழிக்கப்படும். கொடுத்த ஷிப்பிங் காசு போனது போனதுதான்.

அதனால் பணம் கட்டும் பக்கத்தில் 'டிடிபி' அல்லது 'டியூட்டி இன்க்ளூடட்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வரி அங்கேயே வசூலாகிவிடும். 'டிடியு', 'டிஏபி' என்றிருந்தால் வரி உங்கள் தலையில்.

விற்பவரே "கிஃப்ட் என்று எழுதி அனுப்புகிறேன், விலையைக் குறைத்துப் போடுகிறேன்" என்று ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளவே கூடாது. காசு கொடுத்து வாங்கியது பரிசு ஆகாது. பொய் விலை பிடிபட்டால் பொருள் பறிமுதலாகும். வழியில் தொலைந்தாலோ, இன்ஷூரன்ஸில் அந்தக் குறைத்த விலைதான் கிடைக்கும்.

ஊரிலிருந்து அம்மா அனுப்பும் உண்மையான பரிசுக்கு 100 டாலர் வரை விலக்கு இன்னமும் உண்டு. பொடியும் முறுக்கும் அதற்குள் அடங்கிவிடும். கூடவே ஒரு பட்டுப்புடவையை மடித்து வைத்தால் எளிதாகத் தாண்டிவிடும். தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு மதிப்புக்கும் வரி. இந்தியத் தபால்துறை 2025 ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்கப் பார்சல்களை நிறுத்திவைத்து, அக்டோபர் 15 அன்று மறுபடி தொடங்கியபோது, வரியை புக்கிங் செய்யும் இடத்திலேயே அனுப்புபவரிடம் வசூலிக்கும் முறையைக் கொண்டுவந்தது. கவுன்ட்டரில் அம்மா திகைத்து நிற்காமல் இருக்க, முன்னாடியே போன் செய்து சொல்லிவையுங்கள்.

ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களும் கவனிக்க வேண்டும். 150 யூரோவுக்குள் இருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டு, 2026 ஜூலை 1 முதல் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 3 யூரோ வசூலிக்க ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்திருக்கிறது. ஒரே பெட்டியில் பலவகைப் பொருள் வாங்கினால் அத்தனை மூன்று யூரோ.

இந்தக் குழப்பம் மோசடிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, உடனே கட்டுங்கள்" என்று லிங்க்கோடு மெசேஜ் வந்தால் தொடவே தொடாதீர்கள். நிஜமாகவே பார்சல் எதிர்பார்க்கிறவர்தான் அவசரத்தில் கார்டு எண்ணைக் கொடுத்துவிடுகிறார். கடை அனுப்பிய டிராக்கிங் எண்ணைக் கூரியர் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். வரி பாக்கி இருந்தால் அங்கேயே தெரியும். வீட்டில் வயதானவர்கள் போனிலும் இந்த மெசேஜ் வந்திருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.