பெட்டியடியில் உட்காராத மகள்கள்

2020 செப்டம்பரில் சென்னை முருகப்பா குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. வள்ளி அருணாசலத்தை இயக்குநராக்கும் தீர்மானத்துக்கு எதிராக 91 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகள் விழுந்தன. அவர் முன்னாள் தலைவர் எம்.வி. முருகப்பனின் மூத்த மகள். அணுப் பொறியியலில் முனைவர். அமெரிக்காவில் தொழில்நுட்பத் துறையில் நீண்ட காலம் பணியாற்றியவர். 2017இல் தந்தை இறந்தபின் தாய், தங்கை, அவர் ஆகிய மூவர் வசமும் சேர்த்து அந்நிறுவனத்தில் எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேலான பங்கு இருந்தது. வழக்கு வரை போன விவகாரம் 2023 ஆகஸ்டில் குடும்பச் சமரசத்தில் முடிந்தது. ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு நேர்ந்த அநீதி என்று பலர் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் கதவு அந்தக் கூட்டத்தில்தான் அடைபட்டது என்று நினைத்தால் பாதி விஷயம் கைநழுவிவிடும்.

இக்குழுமம் 1900இல் பர்மாவின் மோல்மீனில் கொடுக்கல் வாங்கலாகத் தொடங்கியது. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கியில் வட்டிக்கடை நடத்திய செட்டிநாட்டுச் செட்டியார்களும் அதே மரபினர்தாம். அந்தத் தொழிலில் யாரும் மேலாளாக, அதாவது கடைப் பொறுப்பாளராக, பிறக்கவில்லை. முதலாளி மகனே ஆனாலும் பணப்பெட்டி அருகே பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து கணக்கு எழுதிப் பழகி, மேலாளுக்குத் துணையான அடுத்தாளாகி, பிறகே ஒரு கடையின் பொறுப்பை ஏற்றான். லாபநட்டம் அவன் தலையில் விழுந்த அன்றுதான் அவன் தொழில்காரன். பெண்களோ செட்டிநாட்டில் பெரிய வீடுகளைக் கட்டிக் காத்தார்கள். சீதனப் பணம் அவர்கள் பெயரில் கடைகளில் வட்டிக்கு உழைத்தது. பணம் பெட்டியடி வரை போனது, பணத்துக்குரியவள் போகவில்லை. என் வாதம் இதுதான்: ஒரு பெண் இயக்குநராவது வாரியத்தில் வாக்கெடுக்கும் நாளில் முடிவாவதில்லை. இருபத்தைந்து வயதில் யாரிடம் லாபநட்டப் பொறுப்பு தரப்பட்டது என்பதில்தான் முடிவாகிறது.

மல்லிகா சீனிவாசனைப் பாருங்கள். அவரும் குடும்ப நிறுவனத்து மகள்தான். அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் ஏ. சிவசைலம் அவர் தந்தை. வார்ட்டனில் வணிக மேலாண்மை படித்துவிட்டு 1986இல் டாஃபே டிராக்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். தந்தை கொடுத்தது அலங்காரப் பதவி அல்ல, திட்டமிடல் பொறுப்பு. டிராக்டர் வாங்கும் விவசாயிகளும் விற்கிறவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அந்தச் சந்தையில் ஏறத்தாழ இருபது ஆண்டு உழைத்தபின், 2005இல் ஐஷர் டிராக்டர் பிரிவை டாஃபே வாங்கியபோது தலைமையில் அவர் இருந்தார். பின்னாளில் டாட்டா ஸ்டீல் வாரியத்தில் அமர்ந்ததையும், 2021இல் இந்திய அரசின் பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியத்துக்குத் தலைவரானதையும் பரம்பரைச் சொத்து என்று யாராலும் சொல்ல முடியாது. பிறப்பு அவருக்குக் கதவைத் திறந்தது, மறுப்பதற்கில்லை. அதே பிறப்பு வேறு வீடுகளில் மகள்களுக்கு ஏன் திறக்கவில்லை என்பதே கேள்வி.

வள்ளிக்குக் குழுமத் தொழிலில் அனுபவம் இல்லையே, சொந்தப் பணத்தைப் போட்டவர்கள் விரும்பியபடி வாக்களிக்கக் கூடாதா என்று கேட்கலாம். கூடும், சட்டம் அவர்கள் பக்கம். ஆனால் மகள்களை உள்ளே விடாமலே வைத்திருந்துவிட்டு அனுபவமில்லை என்பது எந்த ஊர் நியாயம்? சட்டம் போட்டால் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. இந்தியா 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் பெண் இயக்குநரைக் கட்டாயமாக்கியது. உடனே பல நிறுவனங்கள் மனைவியையும் மகளையும் நியமித்துக் கணக்கை நேர்செய்தன. அதன்பின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, பெரிய நிறுவனங்களில் அந்தப் பெண் சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மலேசியாவில் பங்குச் சந்தையான புர்சா பெரிய நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்தும், மற்றவற்றுக்கு 2023 ஜூனிலிருந்தும் ஒரு பெண் இயக்குநரையாவது கேட்கிறது. இதை நான் குறை சொல்லவில்லை. இல்லாததற்கு இது மேல். ஆனாலும் பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள நிறுவனங்களை மட்டுமே புர்சாவின் விதி தொடும்.

மலேசியாவில் நம்மவர் தொழில்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. செலாயாங் பாசார் போரோங் மொத்தச் சந்தையை ஒட்டி நடக்கும் காய்கறி, மளிகை, லாரி வியாபாரங்களைப் போன்ற செண்டிரியான் பெர்ஹாட்கள், அதாவது தனியார் நிறுவனங்கள், அவை. மலேசியாவின் 1965ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் குறைந்தது இரண்டு இயக்குநர்களைக் கேட்டதால், இரண்டாவது பெயராக மனைவியைப் போட்டவர்கள் ஏராளம். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்துக்கு ஒருவரே போதும். பழைய பெயர்கள் தாமாக நீங்கிவிடவில்லை. பெயருக்கு இருந்தவர், உண்மையாக நடத்தியவர் என்று இயக்குநரின் கடமையைச் சட்டம் பிரிப்பதில்லை. வங்கிக் கடனுக்கு இயக்குநர்களிடம் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பது வழக்கம். தொழிலாளர்களின் சேமநிதிச் சந்தா நிலுவையானால், ஊழியர் சேமநிதி வாரியம் இயக்குநர்களைக் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாக்க முடியும். கணக்குப் புத்தகத்தை ஒருநாளும் திறந்து பாராத பெண்ணின் வீட்டுக்கும் அந்த நிலுவையைக் கேட்டுக் கடிதம் வரும்.