கேரளத்தில் உருமாறும் ஜீப்புகள்: கண்ணில் படாத 'ஸ்டீயரிங்' ஆபத்து

திருவனந்தபுரம்: அகன்ற டயர், உயர்த்திய உடற்பகுதி, காதைப் பிளக்கும் புகைக்குழாய். உருமாற்றப்பட்ட ஜீப்பை வழிமறிக்கும் எவருடைய கண்ணிலும் முதலில் படுபவை இவைதான். ஆனால், உயிருக்கே உலை வைக்கக்கூடிய மாற்றம் முன் அச்சின் ஓரத்தில், கிரீஸும் சேறும் படிந்து மறைந்து கிடக்கிறது. அதன் பெயர் 'ஸ்டீயரிங் ஆர்ம்'.

ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள உருக்குத் துண்டு அது. ஓட்டுநரின் கை விசை பல தண்டுகளைக் கடந்து வந்து, கடைசியில் சக்கரத்தைத் திருப்புவது இதன் வழியாகத்தான். பிரேக் பழுதானால் கியரைக் குறைத்தோ, கைப் பிரேக்கை இழுத்தோ சமாளிக்கலாம். இது முறிந்தால் மாற்று வழி எதுவும் இல்லை.

இடுக்கி, வயநாடு மலைப் பாதைகளுக்காக ஜீப்பின் வில் பட்டைகளை உயர்த்துவோர் பலர். அவ்வாறு உயர்த்தும்போது, ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் இணைப்புத் தண்டு செங்குத்தாகச் சாய்ந்துவிடுகிறது. பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும், ஓட்டுநர் திருப்பாமலேயே வண்டி பக்கவாட்டில் இழுக்கும். இதைச் சரிசெய்ய, தண்டு பொருந்தும் இடத்தை மேலே உயர்த்தும் புதிய 'ஆர்ம்' தேவைப்படுகிறது. பட்டறையின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

இச்சிக்கல் புதிதன்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டு கார்களைத் தாழ்த்தி, வேகம் கூட்டி ஓட்டிய 'ஹாட் ராட்' இளைஞர்களும் முன் அச்சைத் தாழ்த்தியபோது இதையே எதிர்கொண்டனர். ஆர்மைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தவர்களும், அறுத்துப் பற்றவைத்தவர்களும் அவர்களிடையே உண்டு.

ஆனால், இத்துண்டின் வலிமை அதன் வடிவில் மட்டும் இல்லை. தொழிற்சாலையில் உருக்கை அடித்து வடிவமைத்து, சூடேற்றிப் பதப்படுத்தித் தயாரிக்கிறார்கள். பட்டறையில் பற்றவைக்கும்போது, இணைப்பை ஒட்டிய பகுதி அந்தப் பதத்தை இழக்கிறது. சில உருக்கு வகைகளில் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் பெறுகிறது. அன்றே முறிவதில்லை. பல ஆயிரம் அதிர்வுகளுக்குப் பிறகு மயிரிழை விரிசலாகத் தொடங்கி, ஒரு வளைவில் முடியும்.

கோணமும் முக்கியம். திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இதற்காகவே, பின்னோக்கி நீளும் இரு ஆர்ம்களும் சற்று உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஜெர்மனியின் லாங்கென்ஸ்பெர்கர் குதிரை வண்டிக்காகக் கண்டறிந்த முறை இது. இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றுத் தந்த அக்கர்மனின் பெயரே நிலைத்துவிட்டது. இடம் கிடைக்கவில்லை என்று அதே ஆர்ம்களை அச்சுக்கு முன்புறமாகத் திருப்பிப் பொருத்தினால் கணக்கு தலைகீழாகும். வளைவுகளில் டயர்கள் தேய்ந்து இழுபடும்.

கேரளத்திலிருந்து எழுந்த வழக்கு ஒன்றில்தான் வாகன உருமாற்றம் குறித்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ஆம் தேதி தீர்ப்பளித்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய அமர்வு, கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்தது. பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் உற்பத்தியாளரின் விவரக் குறிப்புகளுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்றும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்குக் கேரள விதிகள் கட்டுப்பட்டவையே என்றும் அது தெளிவுபடுத்தியது.

அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5 ஆயிரம் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். இங்கேதான் நெருடல். விதிமீறிப் பொருத்திய விளக்குக்கும், பற்றவைத்த ஸ்டீயரிங் ஆர்முக்கும் அபராதம் ஒன்றே. பட்டறைக்காரரும் தப்ப முடியாது. சட்டம் கூறும் 'டீலர்' என்ற சொல், வாகனம் பழுதுபார்ப்பவரையும் குறிக்கும். விதிமுறைக்கு மாறாக வாகனத்தை மாற்றும் டீலருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது வாகனம் ஒன்றுக்கு ரூ. 1 லட்சம் அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு.

ஆஸ்திரேலியாவில் இத்தகைய மாற்றத்தை அங்கீகாரம் பெற்ற பொறியாளர் ஆய்வு செய்து சான்றளிக்கும் நடைமுறை உள்ளது. ஜெர்மனியிலும் தொழில்நுட்ப ஆய்வுக்குப் பின் மாற்றத்தை ஆவணங்களில் பதிவு செய்துகொள்ளலாம். இந்தியாவில் முறையாகச் செய்ய விரும்பும் ஆர்வலருக்கு அப்படியோர் எளிய வாசல் இல்லை. எனவே, வேலை ரகசியமாக நடக்கிறது; சோதனையும் இல்லாமலேயே போகிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98-ஆவது விதி, ஸ்டீயரிங் சக்கரத்தின் வெற்றாட்டம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது. பந்து மூட்டுகளுக்கு ரப்பர் உறை வேண்டும், போல்ட்டுகள் கழலாமல் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பற்றவைத்த ஆர்ம் உள்ள ஜீப்பும் இவை அனைத்திலும் தேறிவிடலாம். மேற்பரப்பில் உள்ள மயிரிழை விரிசலைக் காட்ட, துண்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, சாயம் தடவிப் பார்க்க வேண்டும்.