ஆசையா வாங்கின ரெயின் ஷவர்ல தண்ணி நூல் மாதிரி வருதா? மிக்சர் மாட்டும் முன் மொட்டைமாடியைப் பாருங்க!

ஷோரூம்ல அந்த ஷவரைத் திறந்து காட்டுவாங்க பாருங்க... மழை மாதிரி கொட்டும். அந்த ஆசையிலேயே எட்டு இன்ச் ரெயின் ஷவரையும், ஒரே கைப்பிடியில வெந்நீரும் பச்சைத்தண்ணியும் கலந்து வர்ற மிக்சரையும் வாங்கிட்டு வந்துடுவோம். வீட்டில் மாட்டித் திறந்தால், நடுவுல நாலு ஓட்டையில மட்டும் நூல் மாதிரி இறங்கும். 'டம்மி பீஸைத் தலையில கட்டிட்டாங்க' என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் தப்பு அவர் மேல இல்லை. கடையில் அந்த ஷவருக்குப் பின்னால் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்திருக்கும். நம்ம வீட்டில் தண்ணீரைத் தள்ளுவது மொட்டைமாடி டேங்க்கின் உயரம் மட்டும்தான்.

மிக்சர் பெட்டியின் மேல் 0.5 பார், 1 பார் என்று குறைந்தபட்ச அழுத்தம் அச்சிட்டிருப்பார்கள். 1 பார் என்றால் ஷவர் தலையிலிருந்து தண்ணீர் மட்டம் சுமார் 33 அடி உயரத்தில் இருக்க வேண்டும். நம்ம கணக்கைப் போடுவோமா? ஷவர் தலை தரையிலிருந்து 7 அடியில் இருக்கும். கூரைக்கு இன்னும் 3 அடி, கான்கிரீட் அரை அடி, டேங்க் நிற்கும் மேடை 4 அடி. ஆக, மாடி வீட்டு பாத்ரூமுக்குக் கிடைப்பது ஏழரை அடி. அதாவது, கால் பாரைக்கூடத் தொடாது. அதே வீட்டின் கீழ்த்தளத்துக்கு இன்னும் 10 அடி கூடும். அங்கே அரை பார் வந்துவிடும். மாடியில் அழுகிற ஷவர் கீழே ஓரளவு சிரிப்பது இதனால்தான்.

'500 லிட்டர் டேங்க்கை எடுத்துட்டு 1,000 லிட்டர் வெச்சா பிரஷர் வரும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அழுத்தம் உயரத்தால் வருவது, கொள்ளளவால் அல்ல.

சரி, தண்ணீர் குறைவாக வந்தால் பக்கெட்டில் குளித்துக்கொள்ளலாம். இன்னொரு சிக்கல்தான் ஆபத்தானது. மிக்சருக்குள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் தண்ணீர் வர வேண்டும். நீங்கள் குளிக்கும்போது வேறு யாரோ ஃப்ளஷ் செய்கிறார்கள், அல்லது வாஷிங் மெஷின் தண்ணீர் இழுக்கிறது. இவை பச்சைத்தண்ணி லைனில் இருந்தால் அந்தப் பக்கம் சட்டென்று அழுத்தம் இறங்கும். மிச்சம் வருவது வெறும் கீசர் தண்ணி. 60 டிகிரி சூட்டில் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இன்னும் சீக்கிரம். தலையில் சோப்போடு கண்ணை மூடி நிற்கும் தாத்தா, கைப்பிடியைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இதற்கு வழி, பைப் போடும்போதே இருக்கிறது. கீசருக்குப் போகும் லைனும் மிக்சரின் பச்சைத்தண்ணி லைனும் ஒரே கிளையிலிருந்து பிரியட்டும். அழுத்தம் குறைந்தால் இரண்டிலும் சேர்ந்தே குறையும். ஃப்ளஷுக்கும் சமையலறைக்கும் டேங்க்கிலிருந்தே தனி லைன் இறக்கச் சொல்லுங்க. கீசர் சூட்டை 50 டிகிரிக்குள் வைத்துக்கொள்வதும் நல்லது. சூட்டைத் தானே சீராக்கும் தெர்மோஸ்டாட் மிக்சர்கள் இருக்கின்றன. ஆனா விலை கையைக் கடிக்கும். அவற்றுக்கும் நல்ல அழுத்தம் தேவை.

அப்போ பிரஷர் பம்ப் வெச்சுடலாமே? தாராளமாக. ஆனால் பம்ப்பை டேங்க் வாயிலேயே, லைன் பிரிவதற்கு முன்பு வைக்க வேண்டும். பச்சைத்தண்ணி லைனுக்கு மட்டும் வைத்தால், அது மிக்சருக்குள் புகுந்து வெந்நீரைப் பின்னுக்குத் தள்ளிவிடும். சோலார் ஹீட்டர் இருக்கிற வீடுகளில் இந்தக் கூத்து அதிகம். ஷவரைத் திறந்தால் மொட்டைமாடியில் சோலார் டேங்க்கின் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் வழியும்! வெந்நீர் லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சாதாரண சோலார் டேங்க் பம்ப்பின் அழுத்தத்தைத் தாங்காது என்பதால், அங்கே பம்ப் வைக்கும் முன் ஹீட்டர் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். கீசரோடு வரும் சேஃப்டி வால்வை, 'சொட்டுது' என்று கழற்றிப் போடுவதும் வேண்டாம்.

பழைய இரும்பு பைப் வீடு என்றால் பம்ப் யோசனைக்கு முன் பைப்பைப் பாருங்க. உள்ளே துரு அடைத்து அரை இன்ச் பைப் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அழுத்தம் கூடினால் ஜாயின்ட் ஒழுகும். அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளவாசிகளுக்குக் கதை தலைகீழ். 10 மாடிக்குக் கீழே 3 பார் வரை இருக்கும். அங்கே அழுத்தம் குறைக்கும் வால்வுதான் தேவை.

போர் தண்ணி வீடுகளில், முதல் மாதம் நன்றாக வந்த ஷவர் ஆறாவது மாதம் இளைத்துவிட்டால் அது உப்பின் வேலை. தலையைக் கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் ஊறவைத்தால் போதும்.

கடைக்குப் போகும் முன் செலவில்லாத ஒரு சோதனை. ஷவர் வரப்போகும் பாயின்ட்டில், அதே உயரத்தில் ஒரு ஹோஸ் மாட்டி, ஒரு நிமிடம் பக்கெட்டில் பிடித்துப் பாருங்க. 10 லிட்டர்கூட வரவில்லையா? ரெயின் ஷவரை விட்டுட்டு, சின்னத் தலை உள்ள ஹேண்ட் ஷவரைக் கேளுங்க. டைல்ஸ் ஒட்டும் முன்பே இதைச் செய்துவிடுங்க. சுவருக்குள் போகும் டைவர்ட்டரை மாற்ற, ஒட்டின டைல்ஸை உடைக்கணும்.