கல்லில் வெட்டிய வரிப்பட்டியல்

எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி என்பது தெளிவாக இல்லாவிட்டால் வணிகருக்கு என்றும் தொல்லைதான். இத்தொல்லைக்கு 1,800 ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்ட நகரம், சிரியா பாலைவனத்திலுள்ள பல்மைரா.

ஒட்டக வணிகத்தால் செழித்த ஊர் இது. கி.பி. 32இல் பெல் தெய்வத்தின் பெருங்கோயில் இங்கே அர்ப்பணிக்கப்பட்டது. ரோமர் ஆட்சியில், பழைய சட்டத்தில் பல சரக்குகளுக்கு வரி குறிக்கப்படவில்லை. வசூலிப்பவர்கள் 'வழக்கம்' என்று சொல்லிக் கேட்க, வணிகர்களோடு அடிக்கடி தகராறு மூண்டது.

கி.பி. 137இல் நகர மன்றம் கூடியது. விடுபட்ட சரக்குகளையும் சேர்த்து, கிரேக்கத்திலும் உள்ளூர் அரமேய மொழியிலும் கல்லில் வெட்டி, கோயில் ஒன்றின் எதிரே நிறுத்தத் தீர்மானித்தது. வாசனைத் தைலம், எண்ணெய், உப்பிட்ட மீன் முதலியவற்றுக்கு வரி விவரம் அதில் உண்டு. ஒட்டகச் சுமைக்கு ஒரு வரி, கழுதைச் சுமைக்கு ஒரு வரி. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் உணவுப் பொருளுக்கு வரியே இல்லை!

கி.பி. 273இல் ரோமப் படை நகரைச் சூறையாடியது, வணிகம் நலிந்தது. எஞ்சி நின்ற பெல் கோயிலை 2015இல் ஐ.எஸ். பயங்கரவாதிகள் வெடி வைத்துத் தகர்த்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரஷ்யாவுக்குக் கொண்டு செல்லப்பட்டதால் வரிக்கல் தப்பியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

வரி இன்னதென்று முன்கூட்டியே எழுதி வையுங்கள் என்றுதான் நாமும் கேட்கிறோம். நமது கோரிக்கை நியாயமானது என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.