லைசென்ஸ் இல்லை என்றால் இழப்பீடும் இல்லையா?

சாலை விபத்தில் ஒருவர் இறந்த வீட்டில், காரியம் முடிவதற்குள் யாராவது வந்து சொல்லிவிடுகிறார்கள்: "வண்டி ஓட்டினவனுக்கு லைசென்ஸே இல்லையாம். இன்சூரன்ஸில் ஒரு பைசா வராது. ஓனர் ரெண்டு லட்சம் தர்றேங்கிறார், வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க." தயவுசெய்து போடாதீர்கள்.

ஓட்டுநரிடம் உரிமம் இல்லை என்று சொன்னால் மட்டும் காப்பீட்டு நிறுவனம் தப்பிவிட முடியாது. ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. உரிமம் இல்லை என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். அதோடு, வண்டி உரிமையாளர் தெரிந்தே, அல்லது விசாரிக்காமல் அலட்சியமாக வண்டியைக் கொடுத்தார் என்பதையும் காட்ட வேண்டும். உரிமத்தைப் பார்த்து வேலைக்கு வைத்தார், பின்னால் அது போலி என்று தெரியவந்தது என்றால் உரிமையாளர் மீது குற்றமில்லை. எல்.எல்.ஆர். வைத்திருந்தாலும் அது செல்லுபடியாகும் உரிமம்தான்.

சரி, நிறுவனம் நிரூபித்தே விட்டது என்று வையுங்கள். அப்போதும் பல வழக்குகளில் நீதிமன்றங்கள், "முதலில் குடும்பத்துக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்" என்றே உத்தரவிட்டிருக்கின்றன. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில், இதற்கு அடிப்படையான சட்டப்பிரிவின் எண்ணும் வாசகமும் மாறிவிட்டன. அதனால் இந்த உத்தரவு தானாக வந்துவிடும் என்று இருக்காமல், மனுவிலேயே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி வழக்குகளில் இன்னொரு வாதம் வரும்: "கார் லைசென்ஸ்தான் இருக்கிறது, பேட்ஜ் இல்லை." 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதற்கு முடிவு கட்டியது. இலகுரக வாகன உரிமம் உள்ளவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம். ஆனால் அதே குட்டியானையின் பின்புறம் ஏறிக் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

இறந்தவருக்கே உரிமம் இல்லாதிருந்தால்? எதிரே வந்த வண்டியின் தவறால் அவர் இறந்திருந்தால், அந்த ஒரு காரணத்துக்காக அவர் மீது பழி போட்டு இழப்பீட்டைக் குறைக்க முடியாது. தானே மோதி விழுந்து இறந்தால் நிலை வேறு. அப்போது வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடுதான் வழி. அதற்கு உரிமம் கட்டாயம்.

அந்த ரெண்டு லட்சத்துக்கு வருவோம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 34 வயதுக் கொத்தனார் இறந்துவிட்டார் என்று வையுங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால்பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்குரிய பெருக்கி 16. மொத்தம் 30,24,000 ரூபாய். ஈமச் செலவு போன்றவை தனி. வருமானத்துக்குச் சான்று இல்லாவிட்டால் தொகை குறையலாம். அப்போதும் இந்த ரெண்டு லட்சம் அதன் பக்கத்தில் கூட வராது.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிறுவனம் கட்டிய பணத்தை உங்களிடம் வசூலிக்கத் தனி வழக்குப் போட வேண்டியதில்லை, நிறைவேற்று மனுவே போதும். வீடும் நிலமும் ஜப்திக்கு வரும். பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று மகனின் நண்பனிடம் சாவியைக் கொடுக்கும் முன் உரிமத்தை வாங்கிப் பாருங்கள், ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது இப்போதைய சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. அதை நம்பித் தாமதிக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, வண்டியின் ஆர்.சி., பாலிசி நகல்களைச் சேர்த்து வையுங்கள். தஞ்சாவூர்க்காரர் ஓசூரில் அடிபட்டு இறந்தாலும் குடும்பம் தஞ்சாவூர்த் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். அழைக்க வேண்டிய எண் 15100.